போனை மாற்றச் சொல்வது யார்?

கொஞ்ச நாளாக எங்கள் தெருவுக்குள் காலையில் ஒரு ஆட்டோ வருகிறது. அதன் தலையில் இரண்டு ஸ்பீக்கர் குழாய். "உங்க போன் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சா? அப்ப அது செத்த போன்! கொண்டு வாங்க, புதுசு அள்ளிக்கினு போங்க!" என்று அதில் ஒருத்தன் கத்துகிறான். பின்னாலேயே ஒரு குத்துப்பாட்டு. அந்தக் குழாயைப் பிடுங்கி அவன் வாயிலேயே செருக வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆட்டோவை அனுப்புகிற கடையின் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்துதான் எனக்குத் தலை நரைத்தது. அங்கே எந்தப் போன் தானாகச் செத்தது, எந்தப் போனைச் செத்ததாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் எப்போதாவது கூப்பிடுவார்கள். "யக்கா, எத்தினி வருஷத்துக்கு ஒருவாட்டி போனை மாத்தணும்னு கஸ்டமர் கேக்கறாங்க. நீங்க இருந்தா இன்னா சொல்வீங்க?" என்பார்கள். "மேனேஜர் சொல்றதையே சொல்லுங்கடி, வேலையாவது நிக்கும்" என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகு நாள் பூரா வயிறு எரியும். போன வாரம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இனிமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்தது ஆரணி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஒரு எஸ்.டி.டி. பூத்தில். ஊரில் பாதிப் பேரின் சண்டையும் சமாதானமும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ளே நடந்து என் காதில் விழுந்தது. பூத் போய் ரீசார்ஜ் கடை ஆனது. ரீசார்ஜ் கடை போய் செல்போன் ஷோரூம் ஆனது. ஷோரூம் உள்ளேயே சர்வீஸ் சென்டர் வந்தபோது, "இந்த அம்மாவுக்கு எல்லாரையும் தெரியும், கவுண்டர்ல போடுங்க" என்று முதலாளி சொன்னார். கற்றுக்கொண்டதெல்லாம் உட்கார்ந்த இடத்தில்தான்.

பிறகு மேனேஜராக வந்தவர் தினகரன். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் "மேடம்", "சார்" என்பார். ரிப்பேருக்கு வந்த ஆளிடமிருந்து போனை இரண்டு கையாலும் பக்குவமாக வாங்குவார். திருப்பிப் பார்த்து, "இது எத்தனை வருஷம் ஆச்சுங்க?" என்பார். ஒரு வருஷம் என்றாலும் சரி, ஐந்து வருஷம் என்றாலும் சரி, நாக்கை "ச்சு" என்று கொட்டுவார், எழவு வீட்டில் துக்கம் விசாரிப்பது மாதிரி. பிறகு அந்தப் போனைக் கண்ணாடி மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் பளபளவென்று ஒரு புதுப் போனை நிமிர்த்தி வைப்பார். டீ சொல்லி அனுப்புவார். டீ வருவதற்குள் பாதிப் பேர் மனசு மாறிவிடும்.

காலையில் ஷட்டர் தூக்கியதும் எங்களை நிற்க வைத்துப் பேசுவார். "நாம ரிப்பேர் கடை இல்லை மேடம். ரிப்பேர்ங்கறது வாசல். உள்ள வர்றவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிடாதீங்க. ரெண்டு வருஷம் தாண்டின போன் எது வந்தாலும் முதல்ல எக்ஸ்சேஞ்ச் பேசுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊர்ப் போன்களுக்கென்றே சில நோய்கள் உண்டு. பட்டுத் தறி வீடுகளில், ஜரிகை சுற்றின தார்க் குச்சிகளைப் போட்டு வைக்கிற கூடையிலேயே போனையும் போட்டு வைப்பார்கள். கைக்கு எட்ட வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும், அதற்காக. ஜரிகையிலிருந்து உதிர்கிற பொடி இழை போய் சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் அடைந்துகொள்ளும். அது உலோகம் ஆச்சே, சும்மா இருக்குமா? சார்ஜ் ஏறாது. ஒரு நாள் போன் அணைந்துவிடும், எழுந்திருக்காது. விசைத்தறி ஷெட்டில் வேறு கூத்து. போனைக் கவரில் போட்டுத் தறிச் சட்டத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். தறி நாள் பூரா குலுக்கும். கேமராவுக்குள் இருக்கிற லென்ஸ் ஆட்டம் கண்டு, எடுக்கிற படமெல்லாம் மங்கலாக விழும். "போன் பழசாயிடுச்சுங்க, கேமரா போயிடுச்சு" என்று கொண்டு வருவார்கள். புதுசை வாங்கிக்கொண்டு போய் அதையும் அதே சட்டத்தில் கட்டுவார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அதனால் போனை வாங்கினதும் நான் முதலில் கேட்பது எத்தனை வருஷம் என்று இல்லை. "தறியாண்ட எங்க வைப்பீங்க?" என்று கேட்பேன். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்ப்பேன். மின்னினால் ஜரிகை. உள்ளே பெஞ்சில் இருந்த மெக்கானிக் அப்சல் பாயிடம் கொடுத்தால், பல்குத்தும் குச்சியைச் சீவி மெதுவாக நெம்பி எடுத்துவிடுவார். பிறகு போனை மேசையில் மல்லாக்க வைத்துச் சுழற்றிப் பார்ப்பேன். பம்பரமாகச் சுற்றினால் பேட்டரி உப்பியிருக்கிறது, பேட்டரியை மட்டும் மாற்று. பேங்க் ஆப் திறக்கிறதா என்று கேட்பேன். கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்தி, பேங்க் ஆப்பும் திறக்க மாட்டேன் என்றால், "இனிமே இதுல பணம் அனுப்பாதீங்க, மாத்திடுங்க" என்று நானே சொல்வேன். போர்டு நிஜமாக உடைந்திருந்தாலும் சொல்வேன். நான் ஒன்றும் பழசையே கட்டிக்கொண்டு அழு என்று சொல்கிற ஆள் இல்லை.

மேனேஜருக்கும் ஜரிகை விஷயம் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், "ஜரிகைன்னு சொல்லாதீங்க மேடம், போர்டு போச்சுன்னு சொல்லுங்க" என்பார். தெரியாதவர் சொன்னால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தவரை என்ன செய்வது?

ஜனங்களையும் சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் குடும்பமே வந்து நிற்கும். "மாப்ள வீட்டுக்காரங்க பாக்கறப்ப பொண்ணு கையில இந்தப் போனா இருக்கறது?" என்பார்கள். போன் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கும். "மாப்பிள்ளை பொண்ணைப் பாப்பாரா, போனைப் பாப்பாரா?" என்று கேட்டால், "நீ கம்முனு பில்லைப் போடு யக்கா" என்பார்கள். போட்டேன். அவர்கள் போன், அவர்கள் ஆசை. அதில் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குக் கோபம் மூட்டியது மோகனாவின் போன். இன்றைக்கும் ஆறவில்லை.

மோகனா பட்டுத்தறிக் குடும்பத்துப் பெண். தேசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, சண்டையில் ஆரணிக்கே அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் பிரகாசு, அவள் அப்பாவின் வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் வாயால் பேசி மிரட்டி அனுப்பியிருந்தான். அது அவள் போனுக்குள் இருந்தது. வேறு எங்கேயும் இல்லை. மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தாள், மறுநாள் அந்தப் போனோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் செத்துவிட்டது. அவனும் திடீரென்று திருந்தின மாதிரி வந்து, "வுடு, நடந்தது நடந்துபோச்சு, உனக்குப் புதுப் போன் வாங்கித் தரேன்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆடித் தள்ளுபடி நேரம், கடையில் கூட்டம். மேனேஜரே எழுந்து வந்து அவனிடமிருந்து போனை வாங்கினார். "எத்தனை வருஷம் ஆச்சுங்க?" "ச்சு." போன் குப்புறப் படுத்தது. டீ வந்தது. பிரகாசு டீயை உறிஞ்சிக்கொண்டே, "பழசுல இருக்கற எதுவும் வேணாம் சார். அப்படியே எடுத்துக்குங்க. நம்பரையும் புதுசா போட்டுடுங்க. ஜல்தியா முடிச்சிடுங்க, வேலை கீது" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. போன் மாற்ற வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "என் போட்டோ எல்லாம் இதுக்கு வந்துடுமா?" படிக்காதவர் கேட்பார், படித்தவர் கேட்பார், எழுபது வயசுக் கிழவர் கேட்பார். நம்பர் மாறாது என்று பத்து தடவை சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். எதுவுமே வேண்டாம், நம்பரும் வேண்டாம் என்று ஒருத்தன் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதுவும் பெண்டாட்டி போனுக்கு.

அவளைப் பார்த்தேன். டீயைத் தொடவில்லை. கவிழ்த்து வைத்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இது உன் போனா?" என்று கேட்டேன்.

அவன்தான் பதில் சொன்னான். "எங்களுதுதான்."

"உங்களைக் கேக்கலைங்க. போனைத் திறக்கறது யார் விரல்? அவங்க சொல்லணும். அப்பதான் நான் சீட்டுப் போட முடியும்." அப்படி ஒரு விதி கடையில் உண்டு. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

அவள், "என்னுதுக்கா" என்றாள். பேரைக் கேட்டு ரிப்பேர் சீட்டில் எழுதிக்கொண்டேன்.

"மாத்தறதுக்கு உனக்கு இஷ்டமா?"

"அவளுக்கு இன்னா தெரியும்? நான்தானே துட்டு குடுக்கறேன்!" என்றான்.

மேனேஜர் சிரித்தபடியே, "மேடம், சார் அவசரமா இருக்காரு. போர்டு போன போனு. எதுக்கு இவ்வளவு விசாரணை?" என்றார். போனை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். "போர்டு போச்சுன்னு யார் சார் பாத்தது?" என்று கேட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் அந்தப் போனை எடுத்து டார்ச் அடித்தேன். தீபாவளி மத்தாப்பாட்டம் மின்னியது உள்ளே. "ஜரிகைம்மா, ஜரிகை! தார்க் கூடையிலதானே வைக்கிறே?" அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "அப்படின்னா… இது எழுந்துக்குமாக்கா?"

"பாய்!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அப்சல் பாய் குச்சியோடு வெளியிலேயே வந்துவிட்டார். பிரகாசு, "வேணாம்னு சொல்றேன்ல, குடுய்யா அதை!" என்று கையை நீட்டினான். பாய் நிமிரவே இல்லை. "இரு தம்பி, கை ஆடினா ஓட்டை பேஜாராயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு இழையை இழுத்தார், இன்னொரு இழையை இழுத்தார். வயரைச் சொருகினார். வெளிச்சம் வந்தது. மோகனா விரலை வைத்தாள், திறந்தது. நின்றுபோயிருந்த மெசேஜெல்லாம் டிங் டிங் என்று வந்து விழுந்தது.

பிரகாசின் மூஞ்சி செத்துப்போயிற்று. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "இந்தப் பழைய டப்பாக்குள்ள அப்படி இன்னா பொதையல் இருக்குதாம்? குடும்பப் பொம்பளை மாதிரியா நடந்துக்கிற? வா வூட்டுக்கு" என்றான்.

அந்த "வா வூட்டுக்கு" என்கிற வார்த்தைதான் அவளை அசைத்தது என்று நினைக்கிறேன். போனை மேசை மேலேயே வைத்து, எதையோ தள்ளித் தேடி, ஒரு விரலால் அழுத்தினாள். சத்தம் முழுசாக இருந்தது. கடை முழுக்க அவன் குரல் கேட்டது.

"உங்கப்பன் வூட்டை என் பேருக்கு எழுதிக் குடுக்காம இந்த வாசப்படி மிதிச்சேன்னு வை, அந்தத் தறிக் குழியிலயே உன்னை வெச்சு மண்ணைத் தள்ளி மூடிடுவேன். ஒரு நாய்க்கும் தெரியாது."

கேட்டுக்கொண்டு நின்ற முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்கள். ஆள் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு நெய்கிற குழி அது. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "டேய்" என்றார், அவ்வளவுதான். பிரகாசு போனைப் பிடுங்கப் பாய்ந்தான். நான் என் இரண்டு கையையும் அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். "கை வெச்சுப் பாரு. சீட்டு அவங்க பேர்ல கீது. அவங்க கையில மட்டும்தான் குடுப்பேன்" என்றேன். அந்தப் பெரியவரும் இன்னும் நாலு பேரும் முன்னால் வந்தார்கள். அவன் கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டிக்கொண்டே வெளியேறினான். மோகனாவின் அண்ணன் வருகிற வரைக்கும் அவளை என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன்.

மறுநாள் காலை நிற்க வைத்துப் பேசும்போது மேனேஜர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசினார். "நேத்து ஒரு நல்ல சேல்ஸை நாம கோட்டை விட்டோம். ஆடி நேரத்துல கடைக்குள்ள குடும்பச் சண்டை எல்லாம் நமக்குத் தேவையா மேடம்?" அதே சிரிப்பு. "சார், அந்தப் பொண்ணைக் குழியில போட்டு மூடறேன்னவன் சார் அவன்!" என்றேன். "அதுக்கு போலீஸ் இருக்குது. நமக்கு டார்கெட் இருக்குது" என்றார். அன்றைக்கு மத்தியானமே என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து, உள்ளே கவரும் கண்ணாடியும் அடுக்குகிற ரூமில் போட்டார்கள். அங்கிருந்துதான் ரிட்டயர் ஆனேன். சால்வை போட்டு அனுப்பினார்கள். அதை நான் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மோகனா போனைக் கொண்டு போய்க் காட்டினாள், கேஸ் ஆனது, கோர்ட்டுக்குப் போனது. வாய்தா மேல் வாய்தா. காப்பி எடுத்து வைத்திருக்கிறார்களாம். ஆனாலும், "அசல் போன் உன் கையிலயே பத்திரமா இருக்கணும். தீர்ப்பு வர்ற வரைக்கும் எப்ப வேணா கேப்பாங்க" என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவளும் அதைக் குழந்தையாட்டம் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள்.

போன வாரம் அவள் என் வீட்டுக்கே வந்தாள். பேட்டரி உப்பிப் போனின் முதுகு திறந்துகொண்டிருந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறாள். "இந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சுங்க. பார்ட்ஸ் வராது. எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்குங்க" என்றார்களாம். கேஸ் முடியவில்லை, போனுக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது! எந்தக் கம்பெனிக்காரனாவது ஆரணிக் கோர்ட்டு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் ரெண்டு வருஷம் என்று எழுதினானா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்சல் பாய் இப்போது கண்ணமங்கலத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். பஸ் பிடித்துப் போனோம். பாய் போனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அட, இது நம்ம ஜரிகைப் போனாச்சே!" உடைந்த போன்கள் கிடக்கிற டப்பாவைக் கொட்டி, அதே மாடல் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் பேட்டரியைச் சோதித்துப் பார்த்து இதில் வைத்தார். முதுகை ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் காய வைத்தார்.

"இன்னும் எவ்ளோ நாளைக்குத் தாங்கும் பாய்?" என்று மோகனா கேட்டாள்.

"ஒரு வருஷம் ஓடும்மா. அதுக்கப்புறம் வா, வேற தேடலாம். கேஸ் எப்ப முடியும்?"

"தெரியலை பாய்" என்றாள். "ஊர்ல எல்லாரும் வருஷத்துக்கு ஒண்ணு மாத்தறாங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. கேமரா நல்லா இருக்கற போனா ஒண்ணு."

போன் எழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கிளம்பலாம் என்று நான் எழுந்தேன். "இருங்கக்கா" என்றாள். கடைக்கு வெளியே போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் இரண்டும் ஏறி இறுகுவது எனக்குத் தெரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அந்த மிரட்டலில் பிரகாசு எவ்வளவு நேரம் பேசுகிறானோ அவ்வளவு நேரமும் நின்று கேட்டாள்.

ஒவ்வொரு தடவை இந்தப் போனைத் திறந்து மூடினாலும் அவள் அதை முழுசாகக் கேட்டுப் பார்த்தாக வேண்டும், அழிந்துவிடவில்லை என்று தெரிந்துகொள்ள.

உள்ளே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்குதுக்கா" என்றாள்.